கண்ணி தவறிய விரல்கள்

எங்கள் பெரியதாழையில் கழுத்து வலித்தால் தைலம் தேய்ப்பார்கள். என் தந்தைக்கோ கழுத்து வலிக்கவேயில்லை. அதனாலேயே ஒன்றரை ஆண்டுக்காலம் ஏமாந்திருந்தோம்.

முதலில் தவறியது வலைக்கண்ணி. அறுபது ஆண்டுகளாகப் பாராமலே முடிச்சிட்ட விரல்கள் ஊசியை மணலில் நழுவவிட்டன. அடுத்துச் சட்டைப் பொத்தான், அதன்பின் நடை. கால்களை அகற்றி வைத்துத் தள்ளாடினார். "வயசாயிட்டுல்லா, எய்யா" என்று தீர்ப்பும் அவரே சொல்லிவிட்டார். முதலில் பார்த்த மருத்துவர், சர்க்கரையால் நரம்பு தளர்ந்ததென்று சத்து மாத்திரை எழுதினார். படித்தவனாகிய நானும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டேன்.

2022 இறுதியில் திருநெல்வேலி மருத்துவர் ஒருவர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். கால் துள்ளி எழுந்தது. சர்க்கரை நரம்பைக் கெடுத்திருந்தால் அத்துள்ளல் மங்கும். அளவு மீறித் துள்ளினால் கோளாறு மேலே, தண்டுவடத்தில் இருக்கக்கூடும் என்றார். பிறகு கையை விரைந்து மூடித் திறக்கச் சொன்னார். பத்து விநாடிகளில் இருபது முறையேனும் இயலவேண்டுமாம். அப்பா ஒன்பதைத் தாண்டவில்லை.

எம்.ஆர்.ஐ. படம் மீதியைச் சொல்லிற்று. கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் வற்றிப் பிதுங்கியிருந்தன. எலும்பு விளிம்புகள் முள்ளாய் வளர்ந்திருந்தன. பின்புற நார் தடித்திருந்தது. நடுவே தண்டுவடம் நெரிபட்டுக் கிடந்தது. தண்டு என்பதற்குத் துடுப்பு என்றும் பொருளுண்டு. எத்தனையோ முறை பாடம் சொன்ன அச்சொல் அன்று வேறு விதமாய்த் தைத்தது.

நெருக்கம் ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால், பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கமாய்ச் சென்று வட்டை அகற்றி எலும்புகளை இணைப்பார்கள். அப்பாவுக்கு நான்கு இடங்களில் இருந்தது. எனவே பின்பக்க வழியைத் தேர்ந்தார்கள். ஜப்பானிய மருத்துவர் ஹிராபயாஷி 1977இல் தொடங்கிய முறை அது. எலும்பு வளைவுகளை ஒருபுறம் முழுதாய் அறுத்து, மறுபுறம் கீல்போல் விட்டு, கதவைத் திறப்பதுபோல் விரித்து நிறுத்துவார்கள். தண்டுவடத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

"இருப்பதைக் காப்பதற்கே இந்தச் சிகிச்சை. போனது திரும்பினால் நல்லது, வாக்களிக்க இயலாது" என்றார் அறுவை மருத்துவர். அந்த ஒன்றரை ஆண்டின் கணக்கை அக்கணமே என் மனம் போடத் தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

இன்று அப்பா கோலூன்றிக் கரைக்குச் செல்கிறார். பெரிய கண்ணி வலையைப் பின்னுகிறார். சிறு கண்ணி கைகூடவில்லை. பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அப்போது முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொள்வார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் பொத்தானோடு போராடினால், நடையில் தடுமாறினால், முதுமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வலி இல்லையே என்றும் ஆறுதல் கொள்ளாதீர்கள். கையை மூடித் திறக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் அந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.