அடிக்கு முன் ஒரு சொல்

சண்டை போடுகிறவர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? அனிமே பார்த்துப் பழகாதவர்கள் கேட்கும் முதற்கேள்வி இது. வாளை ஓங்கியவன் வீசுவதற்கு முன் தன் உத்தியின் பெயரை உரக்கச் சொல்கிறான். எதிரியும் அதைக் கேட்டு முடிக்கும்வரை நிற்கிறான். போர்க்களத்தில் இப்படி நடக்குமா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஹைதராபாத்தின் மௌலா அலியில் வசிக்கும் 24 வயது ரசிகர் ஒருவர் இதற்குப் பல ஆண்டுகளாக ஒரே விடையைச் சொல்லிவருகிறார்: அந்தப் பேச்சுதான் சண்டை, வெட்டு அதன் முற்றுப்புள்ளி மட்டுமே.

இந்த விடைக்குப் பின்னால் ஒரு முறையான அளவுகோல் இருக்கிறது. எந்த அதிரடித் தொடரையும் அவர் ஓவியத்தின் அழகைக் கொண்டு முதலில் மதிப்பதில்லை. அடிக்கும் முன் சொல்லப்படுவது என்ன, சொன்னவன் அதற்காக எதைப் பணயம் வைக்கிறான் என்று பார்க்கிறார். ‘டிராகன் பால் இசட்’டில் நமேக் கிரகம் ஐந்து நிமிடங்களில் வெடித்துவிடும் என்று ஃப்ரீசா அறிவித்த பிறகும் சண்டை பல அத்தியாயங்களுக்கு நீள்வதை அவர் கேலி செய்வார், ஆனால் மன்னித்தும் விடுவார். ‘ஒன் பஞ்ச் மேன்’ அவருக்கு மிகவும் பிடித்த பகடி. தன் துயரக்கதையை மூச்சுவிடாமல் விவரிக்கும் ஜீனோஸிடம், இருபது சொற்களுக்குள் முடி என்று சைத்தாமா எரிந்துவிழும் இடத்தை அவர் இலக்கணம் அறிந்தவனின் நகைச்சுவை என்பார். விதி எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தானே அதை மீறுவது சிரிப்பைத் தரும்?

‘சோலோ லெவலிங்’ மீது அவருக்குக் குறை உண்டு. அதன் நாயகனுடைய வலிமை எண்களாகத் திரையில் ஏறிக்கொண்டே போகிறது. வாக்குக் கொடுக்கவேண்டிய தேவை அவனுக்கு அரிதாகவே நேர்கிறது. இருப்பினும் இறந்தவர்களின் நிழல்களை நோக்கி அவன் ‘எழுந்திரு’ என்று ஆணையிடும் கணத்தை அவர் விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே சொல்லே செயலாகிவிடுகிறது. சொல்வதே செய்வதாகும் கூற்றுகளைப் பற்றி ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஆற்றிய ஹார்வர்டு உரைகளை வகுப்பில் படிப்பவர்களுக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த மரபைக் கதையின் விதியாகவே மாற்றிய தொடர் ‘ஜுஜுட்சு கைசென்’. அதில் ஒருவன் தன் உத்தி எப்படி இயங்குகிறது என்பதை எதிரிக்கே விளக்கிவிட்டால் அந்த உத்தியின் வலிமை கூடும். நானாமி தன் எதிரியின் உடலை ஏழுக்கு மூன்று என்ற விகிதத்தில் பிரித்து, அந்தப் புள்ளியில் அடிக்கிறார். அதை எதிரியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறார். மறைவைத் துறப்பதால் ஏற்படும் ஆபத்தே வலிமையின் விலை. தம் கருத்துக்குக் கிடைத்த சட்டப் பிரிவாகவே இந்த ரசிகர் அதை எடுத்துக்கொண்டார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பும் உண்டு. அதை அவர் தவிர்ப்பதில்லை. 1963இல் ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ வாராந்தரத் தொடராகத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, குறைந்த பணத்திலும் நேரத்திலும் முடிப்பதற்காக ஓவியங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. அசையாத உருவத்தில் வாய் மட்டும் அசைவது மலிவு. உடல் முழுவதும் பாய்வது செலவு. ஆகவே வீரர்கள் பேசுவது சிக்கனத்தின் விளைவே என்பது அந்த மறுப்பு. அவர் சொல்லும் மறுமொழி: வறுமையில் பிறந்த பழக்கம் செல்வம் வந்த பின்னும் நீடித்தால், அதற்கு வேறொரு வேர் இருந்தாகவேண்டும். ‘டீமன் ஸ்லேயர்’ தொடரை உருவாக்கும் யூஃபோடேபிள் நிறுவனம் ஓவிய உழைப்பில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. அங்கும் தான்ஜிரோ ஒவ்வொரு வடிவத்தின் பெயரையும் சொல்லிவிட்டே வெட்டுகிறான்.

அந்த வேரைத் தேடினால் நெடுந்தூரம் போகவேண்டும். ஜப்பானியப் போர்க்கதைகளில், குறிப்பாக ‘ஹெய்கே மோனோகதாரி’யில், குதிரை மீதமர்ந்த வீரன் தன் பெயரையும் குலத்தையும் அறிவித்த பின்பே மோதுகிறான். அதற்கு ‘நனோரி’ என்று பெயர். தமிழில் அதன் உறவு வஞ்சினம். இதைச் செய்யத் தவறினால் எனக்கு இன்னது நேர்க என்று வீரன் தன்னையே பிணையாக வைத்துச் சொல்வதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையில் வைத்தது. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் வஞ்சினக் காஞ்சி என்னும் துறையைச் சேர்ந்தவை. மூன்றையும் பாடியவர்கள் அரசர்களே. 72ஆம் பாடலில் நெடுஞ்செழியன் ஏற்கும் தண்டனைகளுள் ஒன்று, புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் விட்டுவிடுவது. மன்னனொருவன் தன் புகழையே ஈடாக எழுதிக்கொடுத்த பத்திரம் அது.

மௌலா அலியில் இதன் மூன்றாவது கிளையும் உண்டு. ஊருக்குப் பெயர் தந்த மலையுச்சியில் அலியின் நினைவிடம் இருக்கிறது. ரஜப் மாத விழாவில் மக்கள் கூட்டமாகப் படியேறுவார்கள். கைபர் போரில் மர்ஹப் தன் பெயரைச் சொல்லிச் செருக்கோடு முன்வந்தபோது, தன் தாய் தனக்கிட்ட பெயர் ஹைதர் என்று அலி எதிருரைத்ததாக மரபு சொல்கிறது. களத்தில் வீரன் தன்னை அறிவிக்கும் இந்தச் செய்யுளுக்கு ‘ரஜஸ்’ என்று பெயர். கர்பலாவைப் பாடும் உருது மர்சியாவிலும் போர்ப்பகுதிக்கு முன்னால் ரஜஸ் தனியோர் உறுப்பாக நிற்கிறது. முஹர்ரம் மாதத்தில் ஹைதராபாத்தின் மஜ்லிஸ்களில் மர்சியா கேட்டு வளர்ந்த நண்பர்களுக்கு, ரென்கோகு ஏன் அடிக்குமுன் பேசுகிறான் என்று இந்த ரசிகர் ஒருபோதும் விளக்கவேண்டியிருந்ததில்லை.

ரென்கோகுவே அவருடைய முதன்மைச் சான்று. 2020இல் வெளிவந்த ‘முகன் ட்ரெயின்’ படத்தின் இறுதிச் சண்டையில் ரென்கோகு முதலில் தன் பெயரைச் சொல்கிறான். அகாசாவும் தன் பெயரைச் சொல்கிறான். பேயாக மாறினால் சாவு இல்லை என்று அகாசா ஆசை காட்டுகிறான். ரென்கோகு மறுத்து, இங்கிருக்கும் யாரையும் சாகவிடமாட்டேன் என்று உறுதி சொல்கிறான். ரயிலில் இருந்த இருநூறு பேரில் ஒருவரும் சாகவில்லை, அவன் சாகிறான். சொன்ன சொல்லின் விலை முழுவதும் கட்டப்பட்டுவிட்டது. ‘இன்ஃபினிட்டி காசில்’ படத்தில் இதே அகாசாவின் முடிவும் ஒரு பெயரால் வருகிறது. தலை போன பின்னும் சண்டையைத் தொடரக்கூடிய அவன், தான் மனிதனாக இருந்த காலத்துப் பெயரும் வாழ்வும் நினைவுக்கு வந்ததும் தானே நின்றுவிடுகிறான். முன்கதை நீளம் என்று பலர் குறைகூறிய அந்தப் பகுதியை அவர் படத்தின் உச்சம் என்கிறார். வெட்டால் முடியாததைப் பெயர் முடித்துவைத்தது.

அந்தப் படம் 2025 செப்டம்பர் 12 அன்று இந்தியத் திரையரங்குகளில் ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு டப்பிங்கிலும் வந்தது. எதில் பார்ப்பது என்ற வழக்கமான சண்டை நண்பர்களிடையே மூண்டது. ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலும் மட்டுமே நேர்மையானவை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அவர் தனியாகத் தமிழ்ப் பக்கம் நின்றார். அவருக்கு அது ரசனை பற்றிய கேள்வி மட்டும் அன்று.

அவருடைய தாத்தா ரயில்வே வேலையாக ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவர். தந்தை லோகோ ஷெட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தெருவில் தெலுங்கும் தக்னியும், பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் மட்டும் தமிழ், எழுத்து தெரியாது. சோறு, காய்ச்சல், கடைக்கணக்கு, வசவு ஆகியவற்றுக்கு மட்டும் போதுமான தமிழ். அதற்கு வெளியே அவர் கேட்ட தமிழ் முழுவதும் கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுச் சுட்டி டிவியிலிருந்து வந்தது. ‘ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடருக்கு அங்கே தரப்பட்ட குறும்புத் தமிழை அவர் இன்றும் வரிவரியாக ஒப்பிப்பார். ஆனால் அது சிரிக்கவைக்கும் தமிழ்.

பாட்டி இறந்த பதினாறாம் நாள் காரியத்தில் அந்தக் குறை வெளிப்பட்டது. பாட்டியோடு இருந்த அத்தை இனி தனியாள். எல்லாரும் கூடியிருக்கையில், அத்தையின் பொறுப்பு தன்னுடையது என்று பெரியவர்கள் முன் அவர் சொல்ல விரும்பினார். கனமான சொற்களைத் தேடினார். பாதி தெலுங்காகவும் பாதி சுட்டி டிவியாகவும் வந்தது. உறவினர்கள் அன்போடுதான் சிரித்தார்கள். அவருக்கு அந்தச் சிரிப்பு ஆறவில்லை. அப்போது தந்தை அத்தையின் பக்கம் திரும்பி, “நீ கவலப்படாதம்மா. நாங்க பாத்துக்கறோம்” என்றார். சிரிப்பு நின்றது. அத்தை அழுதார்.

டப்பிங் பற்றிய அவருடைய கருத்துகள் அன்றைக்குப் பிறகு கூர்மையடைந்தன. இருவழக்கு மொழியான தமிழில் டப்பிங் எழுதுபவருக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு: எல்லாரையும் மேடைத்தமிழ் பேசவைப்பது, அல்லது எல்லாவற்றையும் பஞ்ச் வசனமாக்கிச் சிரிக்கவைப்பது. இரண்டுமே சொல்பவனைத் தப்பிக்கவிடுகின்றன என்கிறார் அவர். மேடைத்தமிழில் யாரோ ஒருவர் பேசுகிறார். கேலியில் யாருமே பேசுவதில்லை. ரென்கோகுவின் வரிக்கு அவர் எழுதியிருக்கும் தமிழ்: “இங்க ஒருத்தரையும் சாக விடமாட்டேன்.” தந்தை பேசுவதுபோல் இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, வேறு யார் பேசுவதுபோல் இருக்கவேண்டும் என்பதே அவருடைய பதில். வஞ்சினம் பாடிய மன்னர்களும் தங்கள் காலத்துத் தமிழில்தான் பாடினார்கள்.

உத்திகளின் பெயர்களைப் பொறுத்தவரை அவருடைய நிலைப்பாடு வேறு. அவை சடங்குச் சொற்கள். சற்றே உயர்ந்து நிற்கலாம். ஆனால் தமிழாக நிற்கவேண்டும். அவற்றை எழுதுவதற்காகவே இவ்வாண்டு தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டார். நோட்டுப்புத்தகத்தின் முதல் வரி: நீர் மூச்சு, முதல் வடிவம், நீர்முக வெட்டு. நோயுற்ற தந்தை பனியில் விடியும்வரை ஆடிக்காட்டியதைத் தான்ஜிரோ சாவின் விளிம்பில் நினைவுகூர்ந்து கையிலெடுக்கும் ‘ஹினோகாமி ககுரா’ அதில் தீத்தெய்வக் கூத்து ஆகியிருக்கிறது. ககுரா தெய்வத்தின் முன் ஆடப்படுவது. அதை நடனம் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை.

நீர் மூச்சின் பத்து வடிவங்களுக்கும் பெயர் வைத்தாயிற்று. கியூ தானே உருவாக்கிய பதினொன்றாம் வடிவம் மட்டும் நிற்கிறது. அதன் பெயர் ‘நகி’: காற்று ஓய்ந்து கடல் அசையாதிருக்கும் நிலை. அமைதி என்று எழுதி அடித்துவிட்டார். சலனமின்மை என்று எழுதி அதையும் அடித்துவிட்டார். கடலுக்குப் போகிறவர்கள் அதற்கென்று ஒரு சொல் வைத்திருப்பார்கள், அதுதான் வேண்டும் என்கிறார். மௌலா அலியில் பாறையும் தண்டவாளமும் உண்டு, கடல் இல்லை. கடற்கரை ஊர்க்காரர் யாரைச் சந்தித்தாலும் அவர் இப்போது முதலில் கேட்பது இந்தச் சொல்லைத்தான்.