எட்டு ஜாடி பீச் பழம்

காரின் கதவைத் திறந்ததுமே வாசனை வந்துவிட்டது. பழக்கடை வாசனை இல்லை. மரத்திலேயே வெயில் குடித்துப் பழுத்த பழத்தின் வாசனை. சுற்றிலும் புல் பூண்டு இல்லாத சாம்பல் நிற மலைகள். அவற்றின் காலடியில் மட்டும் பச்சைப் பாயை விரித்தாற்போல் பீச் தோட்டங்கள்.

"பாலைவனத்துல பழத்தோட்டம் எப்படின்னு கேட்டியேம்மா, பாரு" என்றாள் மகள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மேற்குக் கோடியில் இருக்கும் சிற்றூர் பாலிசேட். மகள் குடியிருக்கும் கிராண்ட் ஜங்ஷனிலிருந்து காரில் இருபது நிமிடம். ஓர் ஆண்டில் பெய்யும் மழையே 25 சென்டிமீட்டர் அளவுதான். கொலராடோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பி, 1880-களிலிருந்து இங்கே பழமரம் வளர்க்கிறார்கள். பகலில் சுட்டெரிக்கும் வெயில், இரவில் குளிர். அதனால்தான் இந்த இனிப்பு என்கிறார்கள்.

வசந்த காலத்தில் மரம் பூத்திருக்கும்போது உறைபனி இறங்கினால் எல்லாம் போச்சு. ஊருக்குக் கிழக்கே உள்ள மலை இடுக்கு வழியாக இரவில் வீசும் காற்று பனியை விரட்டிப் பூவைக் காப்பாற்றுமாம். அதற்கு 'மில்லியன் டாலர் காற்று' என்றே பெயர். அந்தக் காற்றும் சில வருடம் கைவிட்டுவிடும். 2020 ஏப்ரலில் இறங்கிய பனி, அந்த ஆண்டு விளைச்சலில் பெரும் பகுதியைக் கொண்டுபோய்விட்டது.

இதை எனக்குச் சொன்னவர் எங்களோடு வந்திருந்த அடுத்த வீட்டு அம்மாள். எழுபது வயது தாண்டியவர். "அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் பீச் இருந்தது. 2019-ல் போட்டு வைத்த ஜாடிகள்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை. 20 பவுண்டுப் பெட்டி ஒன்று, அதாவது 9 கிலோ பழம், வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

ஸ்டோர் ரூமில் ஒரு கோடைகாலம்

அவர் வீட்டு ஸ்டோர் ரூமைப் பார்த்ததும் எனக்கு என் பாட்டி வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. நம் பக்கம் பீங்கான் ஜாடி என்றால் இங்கே கண்ணாடி ஜாடி. பீச், செர்ரி, ஆப்ரிகாட், பேரிக்காய் என்று வரிசை வரிசையாக அடுக்கி, மூடியில் மாதமும் வருடமும் எழுதி வைத்திருக்கிறார்.

நான் திருச்சிக்காரி. நாற்பது வருடமாக வருடம் தவறாமல் மாவடு போடுகிறேன். 'பழத்தைச் சர்க்கரையில் போட்டு மூடி வைப்பதில் என்ன பிரமாதம்?' என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். "சர்க்கரை ருசிக்கும் நிறத்துக்கும்தான். சர்க்கரையே இல்லாமல் வெறும் தண்ணீரிலும் போடலாம். பழத்தைக் காப்பது சூடும், பழத்தின் புளிப்பும், காற்றுப் புகாத மூடியும்."

செய்முறை இதுதான். பழத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை போட்டு, உடனே குளிர்ந்த நீரில் எடுத்துப் போட்டால் தோல் சட்டையைக் கழற்றுவதுபோல் வந்துவிடுகிறது. இரண்டாகப் பிளந்து கொட்டையை எடுத்து, நிறம் மாறாமல் இருக்க வைட்டமின் சி தூள் கரைத்த நீரில் போட வேண்டும். பிறகு லேசான சர்க்கரைத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, சூடாகவே ஜாடியில் நிரப்பி, மேலே அரை அங்குலம் இடம் விட வேண்டும். விளிம்பைத் துடைத்து, தட்டை மூடியை வைத்து, அதன் மேல் திருகு வளையத்தை விரல் பலத்துக்கு மட்டும் இறுக்கினால் போதும். கடைசியாக, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி பெரிய பாத்திரத்தில் ஜாடிகளை மூழ்கவைத்துக் கொதிக்கவிட வேண்டும்.

"என்னிடம் குக்கர் இருக்கிறதே, மூணு விசில் விட்டால் ஆயிற்று" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பீச் மாதிரிப் புளிப்புள்ள பழத்துக்குக் கொதிநீரே போதுமாம். பீன்ஸ், இறைச்சி போன்ற புளிப்பில்லாதவற்றுக்கு அழுத்தத்தில் வேகவைத்தே ஆகவேண்டும். அதற்கும் இதற்கென்றே செய்த பெரிய பாத்திரம் வேண்டும், வீட்டுக் குக்கர் உதவாது. காற்றில்லாத ஜாடிக்குள் வளரும் பாட்டுலினம் என்ற கிருமியின் நஞ்சு ஆளையே கொன்றுவிடும். பீச்சிலும் வெள்ளைச் சதை உள்ள வகையை ஜாடியில் போடக் கூடாது. அதில் புளிப்பு போதாது. மஞ்சள் சதைதான்.

அன்று 14 ஜாடி போட்டோம். ஆறும்போது மூடிகள் ஒவ்வொன்றாக 'டிக்... டிக்...' என்று உள்வாங்கின. பேத்தி கைதட்டி எண்ணினாள்.

போரில் பிறந்த வித்தை

இந்த வித்தை பிறந்தது பிரான்ஸில். படைகளுக்குக் கெடாத உணவு கொடுக்க வழி தேடிய அரசு பரிசு அறிவித்திருந்தது. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, தக்கையால் மூடி, கொதிநீரில் வைத்துக் காட்டினார். 1810-ல் அவருக்கு 12,000 பிராங்க் கிடைத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிகளைப் பற்றிப் பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டு கழித்து.

வீட்டுப் பெண்கள் கைக்கு இது வந்தது 1858-ல், ஜான் மேசன் என்ற அமெரிக்கர் திருகு மூடி போட்ட ஜாடிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு. இன்றும் அதற்கு 'மேசன் ஜாடி' என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபோது, பழம் போட்டு வைக்க என்று தனியாகச் சர்க்கரை கொடுத்தார்கள். அடுத்த வீட்டு அம்மாளின் தாயார் அந்தச் சர்க்கரையை அலமாரியில் வைத்துப் பூட்டுவாராம்.

இருபது நிமிடம்

அடுத்த வாரம் அந்த அம்மாள் மகனைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். மகளுக்கு இரவு டியூட்டி. நான் 10 பவுண்டுப் பழம் வாங்கிவரச் சொல்லி, தனியாகவே எட்டு ஜாடி போட்டேன். அவர் கொடுத்திருந்த விவசாயத் துறை அட்டவணையைப் பார்த்தேன். அரை லிட்டர் அளவு ஜாடிக்கு 20 நிமிடம் என்றிருந்தது. சரியாக வைத்தேன். எட்டும் டிக் என்று மூடின. தங்க நிறத்தில் அவற்றை அடுக்கிவைத்துப் பார்த்தபோது, சொந்தக்கையால் செய்த திருப்தி.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். பார்த்துப் பாராட்டிவிட்டு, "எத்தனை நிமிடம்?" என்றார்.

"இருபது."

ஜாடியைத் தூக்கிய கை அப்படியே நின்றது. அட்டவணையை எடுத்து விரலால் காட்டினார். 20 என்பது 1,000 அடி உயரம் வரை உள்ள ஊர்களுக்கு. 3,000 அடிக்கு மேல் 6,000 அடி வரை 30 நிமிடம். கிராண்ட் ஜங்ஷன் சுமார் 4,600 அடி உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது கண்ணுக்கு ஒன்றுதான், சூடு குறைவு.

எனக்குச் சுருக்கென்றது. இது எனக்குத் தெரியாததா? ஊட்டியில் இருந்த அக்கா வீட்டில், குக்கர் ரிப்பேரான அன்று அடுப்பில் அரிசி எத்தனை நேரம் வேகாமல் நின்றது! அன்று அத்திம்பேர் காரணத்தையும் சொன்னார். அது எனக்கு அரிசியோடு நின்றுவிட்டது. பழத்துக்கு வந்து சேரவில்லை.

"இப்போது மறுபடி கொதிக்கவைத்தால்?"

"24 மணி நேரத்துக்குள் என்றால் செய்யலாம். கடந்துவிட்டது."

"மூடி நன்றாகத்தானே இறுகியிருக்கிறது?"

"அதுதான் பயம். உள்ளே ஏதாவது சாகாமல் இருந்தால், அதையும் சேர்த்துத்தான் மூடியிருக்கிறோம்."

மாவடு கெட்டால் பூஞ்சை பூத்துக் காட்டிக்கொடுக்கும், வாசனை சொல்லிவிடும். உப்பு குறைந்தால் நாக்கு சொல்லும், ஒரு கை கூடப் போட்டுக்கொள்ளலாம். இங்கே கண், மூக்கு, நாக்கு எதையும் நம்ப முடியாது. கடிகாரம் ஒன்றுதான் சாட்சி.

"சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம்" என்றார் அவர். "ஆனால் ஜனவரியில் உங்கள் பேத்திக்குக் கிண்ணத்தில் போடும்போது உங்கள் மகள் ஒரு நொடி யோசிப்பாளா, இல்லையா?"

பருக்கை சோறு கீழே சிந்தினாலும் பொறுக்கியெடுத்து வளர்ந்த வீடு எங்களுடையது. எட்டு ஜாடியையும் நானே கொட்டினேன். மகள் "நான் கொட்டறேன், நீ உள்ளே போம்மா" என்றாள். கேட்கவில்லை. பேத்தி மட்டும் "ஏன் பாட்டி?" என்று கேட்டாள். "பாட்டி தப்பா எண்ணிட்டேன்" என்றேன்.

செப்டம்பர் முதல் வாரம், சீசன் முடிகிற சமயம், பாலிசேடுக்கு மறுபடி போனோம். தோட்டத்தில் பாதி மரம் காலி. கிடைத்த 10 பவுண்டில் மறுபடியும் எட்டு ஜாடி. இந்த முறை 30 நிமிடம்; பேத்தியையும் கடிகாரத்துக்கு எதிரே உட்காரவைத்தேன். ஏழு மூடின. எட்டாவதன் மூடியை மறுநாள் அழுத்தினால் மேலும் கீழும் ஆடியது. அதை ஃப்ரிட்ஜில் வைத்து அந்த வாரமே சாப்பிட்டு முடித்தோம்.

நம் ஊரில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டியில் பீச் போட்டால் அரை லிட்டர் ஜாடிக்கு 35 நிமிடம் வேண்டும். அது 6,000 அடிக்கு மேலே. இந்தக் கணக்கைப் பழுத்த மாம்பழத்துக்கோ வேறு பழத்துக்கோ அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றின் புளிப்பும் வேறு. தக்காளிக்குக்கூட எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள்.

விசா கணக்குப்படி அக்டோபரில் கிளம்பி வந்துவிட்டேன். அந்த ஊரின் குளிர்காலத்தை நான் பார்த்ததில்லை.

ஜனவரியில் ஒரு நாள் வீடியோ காலில் வந்தாள் மகள். எனக்குக் காலை ஏழரை மணி. அங்கே முந்தைய நாள் இரவு ஏழு. ஜன்னல் பக்கம் போனைத் திருப்பினாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் பனி. மரமெல்லாம் வெறும் குச்சி. பிறகு மேஜையைக் காட்டினாள். பேத்தி கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அடியில் மிஞ்சிய சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தாள். மகள் ஒரு நொடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை.

பக்கத்தில் கழற்றி வைத்த மூடி தெரிந்தது. அதில் என் கையெழுத்து: 'பீச், செப்டம்பர், 30 நிமிடம்.'