தண்டவாளம் இல்லாத ஊரில் ஒரு பொம்மை ரயில்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் பயணிகள் ரயில் கிடையாது. ஆயினும் போர்ட் பிளேரில் ரயில் முன்பதிவு மையம் உண்டு. கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து சென்னையில் இறங்கி, அங்கிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல வேண்டியவர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர் வரை சுமார் 240 கிலோமீட்டர் ரயில் பாதை அமைக்கும் யோசனை 2017-ஆம் ஆண்டு வாக்கில் செய்திகளில் அடிபட்டது. ஊரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. ரயில் மட்டும் வந்தபாடில்லை.

அந்நகரில் ஹாடோ துறைமுகத்துக்கு அருகில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் மூன்று குழந்தைகள். மூத்தவளுக்குப் பத்து வயது, நடுப்பிள்ளைக்கு ஐந்து, கடைக்குட்டிக்கு ஒன்றரை. மூவரில் மூத்தவள் மட்டுமே ரயிலை நேரில் கண்டவள். அலுவல் நிமித்தம் சென்னை சென்ற தந்தையிடம் பிள்ளைகள் கேட்டது ஒரு பொம்மை ரயில். மூவருக்கும் பொதுவாக ஒன்று வாங்கினால் செலவும் குறையும், சண்டையும் குறையும் என்று அவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கில்தான் பிழை தொடங்கியது.

நடைபாதைக் கடையில் வாங்கிய பெட்டியின் மேல் ‘3+’ என்று அச்சிட்டிருந்தது. நம் நாட்டுப் பெற்றோர் பலரும் அந்த எண்ணை அறிவின் அளவுகோலாகவே வாசிக்கிறார்கள். “நம்ம புள்ள கெட்டிக்காரன், இப்பவே ஓட்டுவான்” என்னும் பெருமிதம் அந்த வாசிப்பிலிருந்து பிறப்பது. உண்மையில் அந்த எண் முதன்மையாகப் பேசுவது தொண்டையைப் பற்றி. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்று பயன்படுகிறது. அழுத்தாமலே அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தத் துண்டும் குழந்தையின் மூச்சை அடைக்கக்கூடியது என்று கருதப்படும். கெட்டிக்காரக் குழந்தையின் தொண்டையும் அதே அகலம்தான். இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். அந்தப் பெட்டியில் முத்திரை இல்லை. தந்தை தேடவும் இல்லை.

நான்காம் நாள் மாலை, பெட்டிகளைக் கோக்கும் காந்தங்களில் இரண்டைக் காணவில்லை. கடைக்குட்டியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. தாய் விரலை விட்டுத் துழாவினாள், அகப்பட்டது பிஸ்கட். இருந்தும் எவருக்கும் நெஞ்சு அடங்கவில்லை. ஒரே ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். இரண்டு என்றால் கதை வேறு. குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு அவை ஒன்றையொன்று இழுக்கும். இடையில் சிக்கும் குடற்சுவர் இரத்த ஓட்டமின்றி அழுகித் துளைபடும். தொடக்கத்தில் சாதாரண வயிற்றுவலி போலவே தோன்றும் என்பதுதான் இதன் கொடுமை. பெருநகர் மருத்துவமனைகளுக்கும் வீட்டுக்கும் நடுவே கடல் கிடக்கிற ஊரில் இந்த அச்சத்துக்கு எடை கூடுதல். இரண்டு மணி நேரத் தேடலுக்குப் பின் இரு காந்தங்களும் கட்டிலின் இரும்புக்காலில் ஒட்டியிருக்கக் கண்டார்கள். அன்றிரவே அந்த ரயில் குப்பைக்குப் போயிற்று. “ஆளுக்கொண்ணா வாங்கியிருக்கலாம்ப்பா” என்றாள் மூத்தவள். அவர் பதில் சொல்லவில்லை.

இரண்டாம் முறை ஆளுக்கொன்றாகவே வந்தன. கடைக்குட்டிக்கு உள்ளூர்த் தச்சர் ஒருவர் செய்து கொடுத்தார். படாக் மரத்தில் செய்ய வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதில் ஒரு வரலாற்று நியாயமும் உண்டு. ஒரு காலத்தில் வனத்துறை இத்தீவுகளில் யானைகளைக் கொண்டும் டிராம் தண்டவாளங்களைக் கொண்டும் காட்டுமரங்களை இழுத்தது; 1883-இல் நிறுவப்பட்ட சாத்தம் மரஅறுவை ஆலை அந்த மரங்களை அறுத்துத் தள்ளியது. ஆக, பயணிகளைச் சுமக்காத தீவின் தண்டவாளம் மரத்தைச் சுமந்திருக்கிறது. தச்சரோ, “கடிக்கிற புள்ளைக்குப் படாக் வேணாம் சார், சாயம் விடும்” என்று மறுத்து, வெளிர்நிற மரத்துண்டு ஒன்றை எடுத்து இழைத்தார். கழலும் சக்கரம் இல்லை, காந்தம் இல்லை, வர்ணம் இல்லை, கழுத்தைச் சுற்றக்கூடிய நீளக் கயிறும் இல்லை. உள்ளங்கையை விடப் பெரிய ஒரே எஞ்சின். ஒன்றரை வயதுக்கு ரயில் என்பது தள்ளினால் நகர்வது. அதற்கு மேல் அந்த வயது எதையும் கேட்பதில்லை.

நடுப்பிள்ளைக்குக் கிடைத்தது மரத் தண்டவாளத் தொகுப்பு. சுவீடனின் பிரியோ நிறுவனம் 1950-களின் இறுதியில் பரப்பிய வகை அது. மின்சாரம் இல்லை, காந்தங்கள் மரத்துக்குள் அசையாமல் பதிக்கப்பட்டவை. இந்த வயதுக்கு இதுவே தகும் என்று பொம்மை நூல்கள் சொல்லும். அவை சொல்லாத ஒன்றை அப்பையன் செய்தான். தண்டவாளத்தை ஒதுக்கிவைத்து, ரயிலைத் தரையெங்கும் மிதக்க விட்டான். நிலையத்தை நெருங்குகையில் மும்முறை சங்கு ஊதி, பக்கவாட்டில் மெல்ல அணைத்து, நூலால் கட்டி நிறுத்தினான். அவன் அறிந்த பெரிய வாகனம் கப்பல். பொம்மை என்பது கண்ட பொருளின் சிறு உரு என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். காணாத குழந்தைக்கு அந்தப் பொம்மையே மூலம். பெட்டியில் அச்சிடும் வயது எண், குழந்தை எங்கே வளர்கிறது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. பையனுக்குத் தண்டவாளத்தின் ‘சரியான’ பயனைக் கற்பிக்க முனைந்த தந்தையைத் தாய் தடுத்தது, கல்வியியல் நோக்கில் மிகச் சரியான செயல்.

மூத்தவளுக்கு எச்.ஓ. அளவிலான மின்ரயில். உண்மையில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். மின்மாற்றி வீட்டு மின்சாரத்தைத் தாழ்ந்த அழுத்தத்துக்குக் குறைத்துத் தண்டவாளத்தில் செலுத்தும். எட்டு வயதுக்கு முன் இதைத் தருவது வீண், ஆபத்தும்கூட. இந்திய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர் என்று அறிந்து, 87-ஆல் வகுத்து, “நம்ம ரயிலுக்கு இது பத்தாதுப்பா, 19 வேணும்” என்று அவள் அறிவித்தாள். கடற்காற்று தண்டவாளத்தில் படலம் படியச் செய்து மின்னோட்டத்தைத் தடுப்பதால், வாரந்தோறும் துடைப்பதும் அவள் வேலையாயிற்று.

ஒரு ஞாயிறன்று அவள் அட்டையால் இரு குகைகள் செய்தாள். ஒன்று நீளம், மற்றொன்று குட்டை. இரு கைகளாலும் இரண்டு மர எஞ்சின்களை ஒரே நேரத்தில் நுழைத்து, ஒரே நேரத்தில் வெளியே எடுத்தாள். எது வேகம் என்று தம்பியிடம் கேட்டாள். “ரெண்டும் ஒண்ணாத்தானே வந்துச்சு, ஒரே வேகம்” என்றான் அவன். அவள் சிரித்தாள். 1928-இல் தாவோஸ் நகரில் ஐன்ஸ்டைன் எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்து, காலமும் வேகமும் குழந்தை மனத்தில் எவ்வாறு உருவாகின்றன என்று ஆராய்ந்த ழான் பியாஜே நடத்திய சோதனைகளுள் ஒன்று இதுவே. சிறு குழந்தைகளிடம் அவர் பெற்ற விடையும் இதுவே. அவள் பியாஜேயைப் படித்தவள் அல்லள்; தம்பியை மடக்க விரும்பினாள், அவ்வளவுதான்.

வரும் கோடையில் குடும்பம் முழுவதும் சென்னை செல்கிறது. எழும்பூரிலிருந்து மதுரைக்கு இரவு ரயிலில் இடம் பதிவாகியிருக்கிறது. நடுப்பிள்ளைக்கு இப்போது ஒரே ஒரு கவலை. ரயிலைக் கட்டி நிறுத்தும் கயிறு எவ்வளவு தடிமன் இருக்கும் என்று அக்காளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நேரில் பார்த்துக்கொள் என்கிறாள் அவள்.