வெந்நீருக்கு ஒரு கோயில்

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகளுக்குக் குறைவே இல்லை. ஊற்றுக்கென்றே கோயில் வைத்துக் கும்பிடுகிற ஓர் இடத்துக்கு ஒசாகாவில் இருக்கும் என் மகள் அழைத்துப் போனாள். ஷிகோகு தீவில், மட்சுயாமா நகரத்திலுள்ள டோகோதான் அது.

டிராமிலிருந்து இறங்கிக் கடைத்தெருவைத் தாண்டினால், 1894-ல் மரத்தால் கட்டிய மூன்று அடுக்குக் குளியல் மாளிகை. 2019-ல் தொடங்கிய பழுதுபார்க்கும் வேலை 2024 ஜூலையில்தான் முடிந்து முழுவதும் திறந்தார்களாம்.

பக்கத்துக் குன்றின் மேல் ‘யு ஜிஞ்சா’. ‘யு’ என்றால் வெந்நீர், ‘ஜிஞ்சா’ என்றால் ஷிண்டோ கோயில். அர்ச்சனை, கற்பூரம் கிடையாது. கையும் வாயும் அலம்பி, காசு போட்டு, இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டி, மறுபடி ஒரு தரம் குனிந்தால் வழிபாடு முடிந்தது.

ஓகுனினுஷி, சுகுனாஹிகோனா என்று இரண்டு தெய்வங்கள். சுகுனாஹிகோனா உள்ளங்கைக்குள் அடங்குகிறவர். அவர் நோயில் விழுந்தபோது பெரியவர் கையில் ஏந்தி இந்த வெந்நீரில் குளிப்பாட்டினாராம். உடம்பு தேறிய சின்னவர் ஒரு கல்லின் மேல் ஏறி ஆடினாராம்! அந்தக் கல்லை மாளிகையின் வடக்குப் பக்கத்தில் காட்டுகிறார்கள். ஜுரக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்த தாய்மாருக்கு இந்தக் கதையை விளக்கவா வேண்டும்?

1707-ல் வந்த பூகம்பத்தில் ஊற்று நின்றுபோனது. அதையே நம்பிப் பிழைத்த ஊர் என்ன பாடுபட்டிருக்கும்! ஜனங்கள் இந்தக் கோயிலில் ஆடிப் பாடி வேண்டிக்கொண்டார்கள். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகே வெந்நீர் திரும்பியது. 1946 டிசம்பர் பூகம்பத்திலும் சுமார் 70 நாள் நின்றதாம். நீர் ஓயாமல் சுரக்க வேண்டி இன்றும் மார்ச்சில் விழா எடுக்கிறார்கள்.

குளியலுக்கு வருவோம். உடம்பில் ஒரு துணியும் கூடாது என்றதும், “ஐயோ, எல்லார் முன்னாலேயுமா?” என்றேன்.

“பொம்பளைங்க மட்டும்தாம்மா. யாரும் உன்னைப் பார்க்க மாட்டாங்க, வா” என்றாள் மகள். அப்படித்தான் இருந்தது.

முதலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட்டே தொட்டியில் இறங்க வேண்டும். துண்டை நீரில் நனைக்கக் கூடாது. சூடு ஏறக்குறைய 42 டிகிரி. ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருந்தால் தலை சுற்றும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. வெளியே வந்ததும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

என் மூட்டு வலி பறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் படியேறச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அங்கே போகிறவர்கள் குளித்த கையோடு திரும்பிவிடாதீர்கள். குன்றேறி அந்தச் சின்னக் கோயிலையும் பாருங்கள். தண்ணீர் நின்றுபோனால் என்ன கதி என்று பட்டுத் தெரிந்துகொண்ட ஜனங்கள் கும்பிடுகிற கோயில் அது.