சிலைக்கும் ஊர் உண்டு

சிறந்த அருங்காட்சியகம் எது என்று கேட்டால், பலரும் அளவைக் கொண்டே விடை கூறுவர். கூடங்கள் எத்தனை, காட்சிப்பொருள்கள் எத்தனை, அவற்றின் விலைமதிப்பு எவ்வளவு என்பனவே அவர்தம் அளவுகோல்கள். தஞ்சாவூரின் அருங்காட்சியகங்களோ வேறோர் அளவுகோலைக் கற்பிக்கின்றன. ஒரு பொருள் எவ்வூரில் பிறந்தது, எவரால் அளிக்கப்பட்டது, எவ்வாறு இங்கு வந்து சேர்ந்தது என்பவற்றைத் தெளிவாகச் சொல்லும் இடமே சிறந்த அருங்காட்சியகம்.

தஞ்சை அரண்மனையில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கலைக்கூடத்தில் இடபவாகன தேவரின் செப்புத்திருமேனி உள்ளது. பாம்புகள் பின்னிய சடைமுடி தலைப்பாகைபோல் அமைந்திருக்க, ஒரு கையை வளைத்து ஊன்றியவாறு இறைவன் நிற்கிறார். கை ஊன்றியிருந்த காளை இன்று இல்லை. ஆயினும் அந்தக் கையின் வளைவே காளையைக் காட்டிவிடுகிறது. இதன் ஊர் காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த திருவெண்காடு. முதலாம் இராசராசனின் ஆட்சியில், 1011ஆம் ஆண்டில் கோலக்கவன் என்பவர் இத்திருமேனியை எழுந்தருளுவித்தார் என்று அவ்வூர்க் கோயில் கல்வெட்டு கூறுகிறது. தேவியின் திருமேனி அடுத்த ஆண்டில் அமைந்தது. படிமம் ஓரிடத்திலும் அதன் பிறப்புச் சான்று வேறோரிடத்திலும் இருப்பினும், ஊர்ப்பெயர் அழியாமையால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காட்டுகின்றன. அதே கோயிலின் அர்த்தநாரீசுவரர் திருமேனி, 1851ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அணிசெய்கிறது.

இத்தகைய திருமேனிகள் பலவும் மண்ணுக்குள் இருந்து மீண்டவை. போரும் கொள்ளையும் அச்சுறுத்திய காலங்களில் ஊரார் அவற்றைப் புதைத்துக் காத்தனர். புதைத்தவர் மறைந்தனர், புதைத்த இடமும் மறந்துபோயிற்று. பின்னாளில் ஏர்முனையிலும் மண்வெட்டியிலும் அவை தட்டுப்பட்டன. அவ்வாறு கிடைப்பனவற்றை மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் விதித்தது. அருங்காட்சியகத்தை அடைந்த திருமேனிகள் பல, இவ்வழியாக வந்தவையே.

கலைக்கூடத்தில் தாருகாவனத்து முனிவர்தம் துணைவியரைக் காட்டும் கற்சிற்பத் தொகுதியும் உண்டு. அது தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு உரியது. அக்கோயில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. காலையில் சிற்பத்தைக் கண்டவர் மாலைக்குள் அது பிறந்த கோயிலையும் கண்டுவிடலாம். உலகின் மாபெரும் அருங்காட்சியகங்களில் கிடைத்தற்கரிய வாய்ப்பு இது.

அருகிலுள்ள சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடமும் இவ்வுண்மையையே உணர்த்துகிறது. இரண்டாம் சரபோசி மன்னர் தேடிச் சேர்த்த ஐரோப்பிய நூல்களில் அவருடைய கையொப்பம் காணப்படுகிறது. நூலின் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கமாகிவிடுகிறது.

ஊர்ப்பெயரை இழந்தால் நேர்வது என்ன? நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழர் கொடையாக அளித்த செய்தியைக் கூறும் செப்பேடுகள், நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. அதனால் அவை ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றே உலகில் வழங்கலாயின. நெல் விளையும் ஓர் ஊரின் பெயரைக் கடல் கடந்த நகரத்தின் பெயர் மறைத்தது. ‘ஆனைமங்கலச் செப்பேடுகள்’ என்று வழங்கும்போதுதான் கொடையாக அளிக்கப்பெற்ற மண் மீண்டும் கண்முன் தோன்றுகிறது.

பத்தூர் நடராசர் திருமேனியின் வரலாறு இதனினும் கூர்மையானது. 1976ஆம் ஆண்டு காவிரிப்படுகையின் பத்தூரில் மண் தோண்டிய தொழிலாளி ஒருவரின் கைக்கு அது கிட்டியது. அரசுக்கு அறிவிக்கப்படாமல் பலர் கைமாறி இலண்டனை அடைந்தது. அங்கு நடந்த வழக்கில் அத்திருமேனி எவ்வூருக்கு உரியது என்பதே முதன்மை வினாவாயிற்று. அதே ஊரில் கிடைத்த பிற படிமங்களோடு அதனை அறிஞர் ஒப்பிட்டனர். அதன்மேல் படிந்திருந்த மண்ணும் கறையான் புற்றின் தடமும்கூட ஆராயப்பட்டன. பாழடைந்து கிடந்த கோயிலின் உரிமையை நீதிமன்றம் ஏற்றது. 1991ஆம் ஆண்டு திருமேனி தாயகம் திரும்பியது. எழுத்தில் பதியப்படாத ஊர்ப்பெயரை மண்ணே சாட்சியாக நின்று உரைத்தது.

எல்லாச் சிலைகளுக்கும் அத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பெற்ற திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் எனக் கணக்கிட்டு அதன் கல்வெட்டுகள் குறித்துவைத்துள்ளன. அவற்றுள் மிகப் பல இன்று அங்கு இல்லை. குறிப்பு இருப்பதனால்தான் இழப்பின் அளவாவது தெரிகிறது. குறிப்பும் இல்லாத சிற்றூர்களில் இழந்தது எது என்பதே தெரியாமற்போகிறது.

எனவே, கலைக்கூடத்திற்குச் செல்லும் மாணவர் சிலையின் அழகோடு அதன் பெயர்ப்பலகையில் உள்ள ஊர்ப்பெயரையும் படித்தல் வேண்டும். தம் ஊர்க் கோயிலிலும் குளக்கரையிலும் வயல்வரப்பிலும் உள்ள பழஞ்சிற்பங்களைப் படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துவைத்தல் வேண்டும். ஒரு குறிப்பேட்டின் சில வரிகள் நாளை ஒரு சிலையை அதன் ஊருக்கு அழைத்துவரக்கூடும்.