கணிப்பும் சாபமும்



அயர்லாந்தில் கோடை வந்துவிட்டால், கேலிக் கால்பந்தில் எந்த மாவட்டம் வெல்லும், எது வீடு திரும்பும் என்று கணிக்காதவர் அரியர். தோற்றவர் வெளியேறும் சுற்று நெருங்க நெருங்கப் பேச்சு சூடேறும். தொலைவிலிருந்து இவ்விளையாட்டைத் தொடர்ந்து வருகிற நானும் கணிப்பதுண்டு. அதில் குற்றம் ஒன்றும் காணேன். ஆயினும் கணிப்பு எவ்விடத்தில் கணிப்பாயிராமல் வேறொன்றாகிவிடுகிறது என்பதை உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலாவது விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணிக்கு 15 பேர். எவருக்கும் ஊதியமில்லை, வாரம் முழுதும் தங்கள் தொழிலைச் செய்துவிட்டுத் தம் மாவட்டத்திற்காக ஆடுகிறவர்கள். குறுக்குக் கம்பத்தின் கீழே பந்து வலைக்குள் சென்றால் 3 புள்ளி, மேலே சென்றால் 1. 2025 முதல், 40 மீட்டர் வளைகோட்டிற்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2. ஆகவே பெரிய முன்னிலையும் சில நிமிடங்களில் கரைந்துபோகும்.

கணிக்கிறவன் பார்க்க வேண்டியவை சில உண்டு. இலக்குக் காவலர் உதைத்தனுப்பும் பந்தை எந்த அணி கைப்பற்றுகிறது? வளைகோட்டிற்கு வெளியிலிருந்து குறிதவறாமல் அடிப்பவர் எத்தனை பேர்? கடைசிக் கால்மணி நேரத்தில் இறங்கும் மாற்று ஆட்டக்காரர் யார்? இவற்றை நான் முந்திய ஆட்டத்தின் முடிவைக் காட்டிலும் பெரிதாக மதிக்கிறேன். 2025 ஜூன் மாதம் குழுச் சுற்றில் மீத் அணி கெர்ரியை 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றது; ஆறே வாரத்தில் சாம் மகுவையர் கோப்பையை ஏந்தியது கெர்ரி! 2020இலோ போட்டி முழுவதுமே ஒரே தோல்வியில் முடிந்துவிடும் முறையில் நடந்தது. கார்க் மாவட்டத்திற்கு எதிராக, கூடுதல் நேரத்தின் கடைசி வினாடிகள்வரை கெர்ரி முன்னிலையில் இருந்தது. இலக்கை எட்டாமல் தாழ்ந்து விழுந்த பந்தை மார்க் கீன் பற்றி வலைக்குள் செலுத்தினார். கெர்ரியின் ஆண்டு அவ்விடத்தில் முடிந்தது. எந்தக் கணக்கும் அந்தப் பந்தை முன்னறியாது.

இப்பொழுது மேயோ மாவட்டத்திற்கு வருகிறேன்.

மேயோ கடைசியாகக் கோப்பையை வென்றது 1951இல். வெற்றியோடு திரும்பிய அணி ஃபாக்ஸ்ஃபர்ட் என்னும் ஊரில் ஒரு சவ அடக்க ஊர்வலத்திற்கு மரியாதை செலுத்தாமல் கடந்துபோயிற்று என்றும், அதைக் கண்ட குருவானவர் ஒருவர், அவ்வணியில் ஒருவரேனும் உயிரோடிருக்கும்வரை மேயோ மீண்டும் வெல்லாது என்று சபித்தார் என்றும் கதை வழங்குகிறது. 1989 முதல் 2021 வரை மேயோ 11 ஆண்டுகளில் இறுதிப் போட்டியில் தோற்றது. ஒவ்வொரு தோல்வியிலும் கதை வலுத்தது.

2013, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டப்ளினிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள் (2016இல் முதல் ஆட்டம் சமநிலையில் முடிய, மறு ஆட்டத்தில்). அதற்குச் சாபம் வேண்டியதில்லை. எதிரே நின்ற டப்ளினே போதும். 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு முறை கோப்பையை வென்ற அணி அது. அந்த டப்ளினையே 2021 அரையிறுதியில் மேயோ வீழ்த்தியது என்பதைக் கதை சொல்கிறவர்கள் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள்.

எனினும் என்னை வருத்துவது வேறு. இக்கதையின்படி ஒரு மாவட்டத்தின் மகிழ்ச்சி சில முதியவர்களின் மரணத்திற்காகக் காத்திருக்கிறது. தங்கள் மண்ணுக்குக் கோப்பை கொண்டுவந்த வாலிபர்கள் முதிர்ந்து, ஒவ்வொருவராய்க் கடந்துபோக, எஞ்சியவர் எத்தனை பேர் என்று உலகம் எண்ணிற்று. கடைசியாக இருந்தவர் பேடி பிரெண்டர்காஸ்ட். 2021 செப்டம்பரில், மேயோ டைரோனிடம் இறுதிப் போட்டியில் தோற்ற சுமார் இரண்டு வாரங்களில், தமது 95ஆம் வயதில் அவர் காலமானார். ஒரு வயோதிபரின் மூச்சை மற்றவர்களின் வெற்றிக்குத் தடையென எண்ண வைக்கும் சொல்லை, வேடிக்கைக்காகவும் நான் திரும்பச் சொல்ல மாட்டேன். ஆசீர்வதிக்கும்படி நியமிக்கப்பட்ட ஒருவரின் வாயில் அச்சொல்லை வைத்திருப்பது, அதே பணியிலுள்ள எனக்கு இன்னும் கசப்பாயிருக்கிறது.

அவர் மறைந்தபின் கோப்பை 2022இல் கெர்ரிக்கும், 2023இல் டப்ளினுக்கும், 2024இல் அர்மாவுக்கும், 2025இல் மீண்டும் கெர்ரிக்கும் சென்றது. அடுத்த முறை மேயோ இத்தகைய சுற்றில் ஆடும்போது, உங்களில் யாராவது என் கணிப்பைக் கேட்டால், இலக்குக் காவலர் உதைக்கும் முதல் பத்துப் பந்துகளைப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்.