மாறிய குரலும் மாறாத செவியும்

மனிதனுடைய ஆசைகளுள் விந்தையானது ஒன்று உண்டு. தான் நாள்தோறும் மாறிக்கொண்டே போகலாம். ஆனால் தான் நேசிக்கும் பொருள் மட்டும் முதன்முதலில் கண்ட கோலத்திலேயே நிற்க வேண்டுமென்று அவன் எதிர்பார்க்கிறான். அது நின்றால் "அலுத்துவிட்டது" என்பான். நகர்ந்தால் "துரோகம்" என்பான். இந்நோய் என்னையும் பல்லாண்டுகள் பிடித்து ஆட்டியது. அதற்குக் காரணமாயிருந்தவர்கள் இங்கிலாந்து தேசத்து வாலிபர் நால்வர். 'ஆர்க்டிக் மங்கீஸ்' என்னும் இசைக்குழுவினர். தோட்டத்துக் கிராணி ஒருவனுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுமையுடன் கேட்பீர்களாக.

நான் ஜொகூர் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். என் தந்தையார் முதலில் பால்மரம் வெட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பின்னர்க் குலை வெட்டினார். மகனை எப்படியாவது ஆங்கிலம் படிக்க வைத்துவிட வேண்டுமென்று, சிங்கப்பூரிலிருந்த அத்தை வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டார். பள்ளியில் ஒருநாள் பேச்சுவாக்கில் 'பெரட்டு' என்று சொல்லிவிட்டேன். விடியுமுன் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் வழங்கும் சொல் அது. கேட்ட மாணவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று தொடங்கித் தோட்டத்துச் சொற்களை ஒவ்வொன்றாக நாவிலிருந்து களைந்தெறிந்தேன். தமிழைப் புத்தகம் போலவும், ஆங்கிலத்தை வானொலி போலவும் பேசக் கற்றேன்.

அந்நாளில்தான், 2006ஆம் ஆண்டில், பள்ளித்தோழன் ஒருவன் இசைத்தட்டு ஒன்றை இரவல் கொடுத்தான். "ஷெஃபீல்டு நகரத்துப் பையன்கள்" என்றான். அப்பெயரை நான் முன்பே அறிவேன். அப்பாவின் பழைய பேனாக்கத்தி அலகில் அது பொறிக்கப்பட்டிருந்தது. எஃகுக்குப் பேர்போன நகரம் அது. துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஹாரி பிரியர்லி என்பவர் வடித்தெடுத்ததும் அங்கேதான். அந்நகரத்து ஹை கிரீன் பகுதியில் வளர்ந்த பிள்ளைகள் 2002இல் இக்குழுவைத் தொடங்கினார்கள். பாடுபவர் அலெக்ஸ் டர்னர். அவருடைய பெற்றோர் பள்ளி ஆசிரியர்கள். ஜேமி குக் கிட்டார் வாசிப்பவர். மாட் ஹெல்டர்ஸ் டிரம் அடிப்பவர். ஆரம்பத்தில் அவர்கள் தங்கள் பாட்டுகளைத் தட்டுகளில் பதிந்து, கச்சேரிக்கு வந்தவர்களுக்கு இலவசமாகவே வழங்கினார்கள். பெற்றவர்கள் அவற்றை இணையத்தின் வழியே ஒருவருக்கொருவர் பரப்பினார்கள். பின்னர் 'டாமினோ' என்னும் சுயேச்சையான சிறு கம்பெனியில் அவர்கள் சேர்ந்தார்கள். பெருங்கம்பெனிகளைச் சாராது வளர்ந்த இத்தகைய இசையையே 'இண்டி ராக்' என்பர். 2006 ஜனவரியில் வெளிவந்த அம்முதல் இசைத்தட்டு, ஒரே வாரத்தில் பிரிட்டனில் 363,735 பிரதிகள் விற்றது.

விற்பனை என்னைக் கவரவில்லை. அந்தப் பேச்சுத்தான் கவர்ந்தது. டர்னர் தம் ஊர்ப் பேச்சிலேயே பாடினார். பாட்டின் பொருளும் ஊர்ச் செய்திதான். நடனசாலை வாசலில் மறிக்கும் காவலாளி, நள்ளிரவில் வாடகைக்காருக்குக் காத்திருக்கும் கூட்டம், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் போலீஸ் வண்டி ஆகியவற்றையே அவர் பாடினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் காதலியை 'மார்டி' என்றார். அப்படியொரு சொல்லை எந்த ஆசிரியரும் எனக்குக் கற்பித்ததில்லை. அது வட இங்கிலாந்தில் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் சொல். என் பெரட்டைப் போன்ற சொல்! அதை அவர் ஒளிக்கவில்லை; உலகறியப் பாடினார்; உலகமும் கைதட்டியது. அன்றிரவு அத்தை வீட்டு மொட்டைமாடியில் தனியே நின்று, நான் எறிந்துவிட்ட சொற்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் பள்ளியில் சொல்லும் துணிவு மட்டும் எனக்கு வரவில்லை.

2007இல் வந்த இரண்டாவது இசைத்தட்டு என்னை ஏமாற்றவில்லை. முன்னதைவிட வேகம், முன்னதைவிடக் காரம். நான் ஊர் திரும்பித் தோட்டத்துக் காரியாலயத்தில் உத்தியோகம் ஏற்ற காலம் அது. செக்குரோல் எழுதும்போதெல்லாம் காதில் அவர்கள் குரல்தான்.

2009இல் வந்தது 'ஹம்பக்'. அதன் ஒரு பகுதியைப் பதிவு செய்யக் கலிஃபோர்னியாப் பாலைவனத்திற்குச் சென்றிருந்தார்கள். ஜோஷ் ஹோமி என்னும் அமெரிக்க இசைஞர் உடனிருந்தார். பாட்டு நிதானப்பட்டது; இருண்டது. வாடகைக்கார் வரிசையும் இல்லை. போலீஸ் வண்டியும் இல்லை. மூன்று முறை கேட்டுவிட்டு மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். 2013இல் 'ஏ.எம்.' வந்தபோது உலகமெங்கும் அவர்கள் புகழ் ஓங்கியது. எனக்கோ பொறாமை. "இப்போது வந்தவர்களுக்கு இவர்களைப் பற்றி என்ன தெரியும்?" என்று கருவினேன். 2014இல் பரிசளிப்பு விழாவொன்றில் டர்னர் பேசியதைக் கேட்டேன். ஷெஃபீல்டுப் பேச்சு தேய்ந்து, அமெரிக்கச் சாயல் ஏறியிருந்தது. இங்கிலாந்திலேயே பலர் ஏளனம் செய்தார்கள். இங்கிருந்து நானும் செய்தேன்.

2018இல் வந்தது ஆறாவது இசைத்தட்டு. 1969இல் மனிதர் முதன்முதலாகச் சந்திரனில் இறங்கிய இடத்தின் பெயரைச் சூட்டி, அங்கே ஒரு விடுதி இருப்பதாகக் கற்பனை செய்திருந்தார் டர்னர். முப்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கிடைத்த பியானோவில் அமர்ந்து இயற்றிய பாட்டுகளாம். கிட்டார்ப் புயல் எங்கே? எஃகு நகரம் எங்கே? "ஊரை மறந்தவன் சந்திரனுக்குப் போனாலென்ன, சூரியனுக்குப் போனாலென்ன!" என்று சொல்லி, அன்றோடு அவர்களைக் கைகழுவினேன்.

2022இல், அக்குழுவின் ஏழாவது இசைத்தட்டு வந்த சமயம். அம்மா மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. நானும் அப்பாவும் மாலையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். "முன்னெல்லாம் காதுல மாட்டிக்கிட்டு ஒரு பாட்டுக் கேப்பியே தம்பி, இப்ப கேக்கிறதில்லையா?" என்றார். அவர்கள் மாறிவிட்டார்கள், ஊர்ப்பேச்சை விட்டுவிட்டார்கள், ஆகவே எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நீ சிங்கப்பூர்ல படிச்சு முடிச்சு வந்த அன்னிக்கி, 'பசியாறிட்டியா'ன்னு ஒங்கம்மா கேட்டா. 'காலை உணவு முடிந்தது அம்மா'ன்னு பொஸ்தகம் படிக்கிற மாதிரி சொன்ன. அன்னிக்கி ராத்திரி, புள்ள மாறிட்டான்னு அவ அழுதா. ஆனா மறுநா விடியக்காலம் ஒனக்குப் பசியாற வைக்காம இருந்தாளா?"

எனக்கு அச்செய்தி அதுவரை தெரியாது. தாயின் கண்ணீரைப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வாயால் அறிய நேர்ந்தது. நாவை மாற்றிக்கொண்டு வந்த மகனை அவள் கைகழுவவில்லை. புதிய நாவுடன் வந்தவனுக்குப் பழைய தட்டிலேயே சோறிட்டாள். எங்கோ இருக்கும் ஒரு பாடகர் தம் பேச்சை மாற்றிக்கொண்டார் என்று குற்றப்பத்திரிகை வாசித்தவனோ நான்!

அன்றிரவு மேசையைத் திறந்து, முதல் இசைத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதல் தட்டின் தலைப்பைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்திருந்தும் படிக்காமல் இருந்திருக்கிறேன். மக்கள் என்னை எதுவென்று சொல்கிறார்களோ அதுவன்று நான் என்பது அதன் பொருள். ஆலன் சில்லிட்டோ 1958இல் வெளியிட்ட 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' என்னும் நாவலிலிருந்து அவர்கள் எடுத்தது. அந்நாவலின் நாயகன் நாட்டிங்ஹாம் நகரத்துச் சைக்கிள் தொழிற்சாலைத் தொழிலாளி. ஆக, எங்களை ஒரு சட்டத்துக்குள் மாட்டி வைக்காதீர்கள் என்று அவர்கள் முதல் நாளே, ஒரு தொழிலாளியின் வாய்மொழியாக, அறிவித்துவிட்டார்கள். சட்டமும் ஆணியும் கொண்டுவந்தவன் நான்தான்.

சந்திர விடுதிப் பாட்டுகளையும் மீண்டும் கேட்டேன். நடனசாலை வாசலில் நின்று மனிதரை உற்று நோக்கிய அதே கண் அங்கும் இருந்தது. நோக்கியவருக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான் வேற்றுமை. பிறகு, அவ்வாண்டு வெளிவந்த 'தி கார்' இசைத்தட்டைக் கேட்டேன். அதற்கு முன் வந்த ஆறும் பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றவை. இது மட்டும் இரண்டாம் இடத்தில் நின்றது. வயலின்கள் சூழத் தொடங்கும் அதன் முதற்பாட்டு, பிரிந்து போகும் நேரத்தைப் பற்றியது. பதினேழு வயதுப் பையனால் அதைப் பாடியிருக்க முடியாது. பதினேழு வயதில் என்னாலும் அதைக் கேட்டிருக்க முடியாது.

அவர்கள் செய்ததெல்லாம் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. சில பாட்டுகள் இன்றும் எனக்குச் சலிப்பையே தருகின்றன. முதல் தட்டின்மீது எனக்குள்ள பற்றும் குறையவில்லை. பிடித்ததைப் பிடித்தது என்றும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்ல ரசிகனுக்கு உரிமை உண்டு. ஆனால் "நீ இப்படியே இரு" என்று கட்டளையிடும் உரிமை இல்லை. கலைஞனைத் தெய்வமாக்கிப் பீடத்தில் ஏற்றுவதும், அவன் இறங்கி நடந்தவுடன் கல்லெறிவதும் ஒரே மூடத்தனத்தின் இரண்டு முகங்களே.

இன்று எங்கள் காரியாலயத்திற்குப் புதிதாக வரும் இளங்கிராணிகளிடம், "நாளைப் பெரட்டு ஐந்தரை மணிக்கு" என்று கூசாமல் சொல்கிறேன். அச்சொல்லை ஷெஃபீல்டுப் பையன்கள் எனக்கு மீட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் சொல்லை என்ன செய்வதென்பது அவர்கள் விருப்பம். அடுத்த இசைத்தட்டு வெளிவரும்போது முதலில் கேட்பேன். அபிப்பிராயத்தைப் பிறகு சொல்வேன். அம்மா எனக்குச் செய்தது அதுதான். அவளிடம் நான் காலந்தாழ்ந்து கற்ற பாடமும் அதுவே.